ஓராண்டு பிந்திய இரங்கல்

தலைமையேற்ற கல்லூரி முதல்வர் அம்மையாரே, மறைந்த கணித ஆசிரியரின் துணைவியாரே, முகம் வாடி முன்வரிசையில் அமர்ந்த மூத்தோரே, பிள்ளையை மடியிலும் பாடத்தை மனத்திலும் சுமந்த தாய்மார்களே, ஓராண்டு ஒரே வகுப்பில் பயின்றும் இன்றுதான் ஒருவரையொருவர் நேரில் காணும் மாணவச் செல்வங்களே! அவரோடு ஒரே அறையில் பணியாற்றிய நான் உங்களை வணங்குகிறேன்.

இரங்கல் கூட்டம் ஏன் இத்தனை பிந்தியது? அவர் இறந்ததே இந்த மாணவர்களுக்குத் தெரியாது, ஐயா!

இணையவழி வகுப்புக்கான பாடங்களை எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்து கொடுத்துவிட்டு, விடுமுறையில் மாரடைப்பால் மறைந்தார். புதிதாய்ச் சேர்ந்தவர்களிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை; பாடமும் நிற்கவில்லை. வாரந்தோறும் திரையில் வந்தார், சிரித்தார், முடிவில், "புரியலன்னா கேளுங்கம்மா, நான் இருக்கேன்ல?" என்றார்.

நம்பிக் கேட்டாள் ஒருத்தி. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. மேல்மாடி ஆய்வகத்தில் பரிசோதகராகும் வேட்கை. துணி இயந்திரத்தில் சுழலும் நேரத்தில், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியில் எழுதினாள்: "சார், மூணாவது வரில மைனஸ் எப்படி ப்ளஸ் ஆச்சு?" பதில் இல்லை. "நான் கேட்டது முட்டாள்தனமா சார்?" பதில் இல்லை. "எம்மேல கோவமா சார்?" பதில் இல்லை!

அவள் மட்டுமா கேட்டாள்? வகுப்பே கேட்டது. ஒருவர் கேள்வி மற்றவர் கண்ணில் படாது. எதையும் திறந்து பார்க்க ஆளும் இல்லை. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு அழுகை!

"எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாதுக்கா. சாருக்கே சலிச்சுப் போச்சு" என்று தமக்கையிடம் சொல்லிவிட்டு, தேர்வுக்கு வராமலே நின்றுவிட்டாள்.

சான்றிதழைத் திரும்ப வாங்க வந்தவள் எங்கள் அறை வாசலில் தயங்கினாள். "சாரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்."

"அவர் தவறிட்டாரும்மா. நீ சேர்றதுக்கு முன்னாடியே."

நாற்காலி இருக்க, தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "ஐயோ, வருஷம் பூரா அவரைத் திட்டிட்டு இருந்தேனே!"

என்ன கேட்கிறீர்கள், வந்திருக்கிறாளா என்றா? வந்திருக்கிறாள். யாரென்று காட்டமாட்டேன், பட்டது போதும். தன்னைப்போல் பாதியில் நின்றவர்களைத் தேடிப்பிடித்து இக்கூட்டத்தைக் கூட்டியவளே அவள்தான். அந்தக் கேள்விகளை எல்லாம் படித்த துணைவியார் ஒன்றே சொன்னார்: "இவர் இருந்திருந்தா சோறு தண்ணி இல்லாம உக்காந்து பதில் போட்டிருப்பார்."

இணையக் கல்வி வேண்டாமென்றா சொல்கிறேன்? அது இல்லையேல் சலவை அறைக்குள் கணிதம் நுழைந்திருக்குமா? பாடம் பதிவில் இருக்கட்டும். பதில் சொல்ல உயிருள்ள ஒருவர் இருக்கட்டும்! வாரம் ஒருமுறையேனும் குரலோடு குரல் கலக்கட்டும். நாலைந்து பேர் கூடிக் கணக்குப் போடட்டும். ஒருத்தி வராவிட்டால், "ஏன்டி வரல?" என்று இன்னொருத்தி கேட்கட்டும்!

முதல்வர் அம்மையார் தலையசைக்கிறார். கைதட்டாதீர்கள். இந்தத் தலையசைப்பு சென்ற ஆண்டே கிடைத்திருக்கலாம். ஆய்வக வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார்; அவள் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறாள்.

இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று மௌனம் காப்பது வழக்கம். இன்று வேண்டாம். ஓராண்டாகக் காத்த மௌனம் போதும். பக்கத்தில் இருப்பவரிடம் திரும்புங்கள், பெயர் கேளுங்கள், எந்தக் கணக்கு புரியவில்லை என்று கேளுங்கள். இந்த மண்டபம் இரையட்டும்! அந்த இரைச்சலே அவருக்கு நம் அஞ்சலி.

செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி, வணக்கம். ம், பேசுங்கள்!