முதல் மாடிக்காரியின் கேள்விகள்

…கேள்வின்னா சாதாரணக் கேள்வி இல்லைங்க. எங்க வீட்டுக்கு விளையாட வரப்போறது ஒரு பொடியன், அதுவும் ஒரு சாயங்காலம். அதுக்கு அவன் அம்மா, அந்த முதல் மாடிக்காரி, எனக்கு போன் போட்டுக் கேக்குறா: மாத்திரையெல்லாம் எந்த உயரத்துல வெச்சிருக்கீங்க, பால்கனிக் கம்பி நடுவுல தலை நுழையுமா, நாய் இருக்கா, அந்த நேரம் வீட்ல யார் யார் இருப்பாங்க… என்னை மருமகளா எடுக்கும்போது என் மாமியார்கூட இவ்வளவு விசாரிக்கலை. விசாரிச்சிருந்தா ரெண்டு பேருமே தப்பிச்சிருப்போம், அது வேற கதை.

இல்லைங்க, உள்ள வரலை. பொண்ணை விட்டுட்டுப் போகத்தான் வந்தேன். நீங்களே இப்பதான் குடிவந்திருக்கீங்க, பெட்டிகூடப் பிரிக்கலை. எம்பொண்ணும் உங்க பிள்ளையும் பாருங்க, அதுக்குள்ள சாப்பாட்டு மேசைல உக்காந்து படம் போட ஆரம்பிச்சாச்சு. எப்படி ஒட்டிக்கிச்சுங்க.

எங்க விட்டேன்? ஆங், கம்பி. பேங்க்ல லோன் குடுக்குற வேலை அவளுக்கு. பெத்த பிள்ளையையும் ஜாமீன் வாங்கிட்டுத்தான் அனுப்புவா போல. கேட்டதோட விட்டாளா? அவ பையனுக்கு வீசிங்காம். இன்ஹேலரை எப்ப உறிஞ்சணும், எத்தனை தடவை அழுத்தணும்னு எனக்குப் பாடம் எடுக்குறா. நான் என்ன நர்ஸா? கடைசியா, "உங்க பொண்ணுக்கு ஏதாவது ஒத்துக்காதா, சொல்லிடுங்க"ன்னா. நான் சொன்னேன், அதெல்லாம் ஒண்ணுமில்லை, கல்லைத் தின்னாலும் செரிக்கும்.

அப்புறம் ஒரு நாள் எம்பொண்ணு அவங்க வீட்டுக்குப் போனா. மகராசி என்ன குடுத்தா தெரியுமா? கடலை போட்ட பிஸ்கட். உதடு வீங்கி, மூச்சு திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியாச்சு. நான் போய்ப் பார்த்தா எம்பொண்ணு மூஞ்சி பூசணிக்காய் மாதிரி கிடக்கு. அந்த மாடிக்காரி என்னைப் பார்த்துக் கத்துறா, ஏன் சொல்லலைன்னு. வார்டே வேடிக்கை பார்க்குது. ஏங்க, அத்தனை கேள்வி கேட்டவளுக்கு, கடலைன்னு ஒரு கேள்வி கேக்கத் தெரியலையே?

ஏன் அப்படிப் பார்க்குறீங்க?

…ஆமா. வேர்க்கடலை ஆகாது அவளுக்கு. ஒரு துணுக்கு போதும்.

சொல்லியிருக்கலாம்தான். இதுக்கு முன்னாடி இருந்த இடத்துல சொன்னேங்க. ஒளிக்காம, எல்லா அம்மாங்ககிட்டயும் சொன்னேன். "அச்சச்சோ"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் விளையாட வான்னு ஒருத்தர் வாயிலயும் வரலை. பக்கத்து வீட்ல பிறந்தநாள்னு எம்பொண்ணு புது கவுன் போட்டுக்கிட்டு ஜன்னல்ல நின்னுச்சு. பலூன் கட்டினதுலேர்ந்து அவுத்தது வரைக்கும் பார்த்துச்சு. கூப்பிடலை. அதான் இங்க வந்ததும் வாயைப் பூட்டிக்கிட்டேன். இப்ப என்னன்னா, லிஃப்ட்ல என்னைப் பார்த்தாலே எல்லாரும் போனை நோண்டுறாங்க. இந்தக் கட்டடத்துல எம்பொண்ணுக்கு மிச்சம் நீங்க ஒருத்தர்தான்.

நீங்க கேட்டிருந்தா சத்தியமா சொல்லியிருப்பேன். என்னது?… கேட்டீங்களா? ஆமால்ல. நான் வந்து நின்னதும் கேட்டீங்க. நான் என்ன சொன்னேன்? கல்லு… கல்லைத் தின்னாலும்னுதான் சொன்னேன்.

ஏங்க, அதுங்க முன்னாடி அது என்ன தட்டு? என்ன வெச்சிருக்கீங்க அதுல? கொஞ்சம் நகருங்க, ஏன் வழியை மறிக்கிறீங்க, நகருங்கன்னா…

கடலை விஷயம் தெரியுமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?

…அவளேவா? எப்ப? செருப்புக் கழட்டும்போதா. நான் லிஃப்ட் கதவைச் சாத்திட்டு வர்றதுக்குள்ளயா. "ஆன்ட்டி, எனக்குக் கடலை ஆகாது, வாய் வீங்கினா இந்த ஊசியைத் தொடைல குத்தணும்"னாளா? டாக்டர் குடுத்த ஊசி எங்க வீட்டு அலமாரிலதானே இருக்கு… கலர் பென்சில் பையிலயா. எப்படிக் குத்துறதுன்னும் காட்டிட்டாளா.

அப்ப தட்டுல இருக்குறது ஆப்பிள்தானா.

எல்லாம் தெரிஞ்சும்… விளையாட விட்டீங்களா.

ஒண்ணுமில்லைங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க, பேசிப் பேசித் தொண்டை காஞ்சுபோச்சு.

ஆனா இந்த அநியாயத்தைப் பாருங்க. பத்து மாசம் சுமந்து பெத்தது நான். பேச்சு மட்டும் அச்சு அசலா அந்த முதல் மாடிக்காரி.