நீந்தியதை நீக்கி வீழ்ந்ததை அளந்த ரஹீமா அவர்களுக்கு

கடலில்லாக் காரைக்குடியில் அமர்ந்து கடலாழத்தைக் கண்காணித்த கண்ணியமே, முப்பத்தோராண்டுப் பணியை முழுநிறைவாய் முடித்து இன்று விடைபெறும் எம் தொழில்நுட்ப அலுவலர் திருமதி ரஹீமா ஜியாவுதீன் அவர்களே, அன்பு வணக்கம்.

கடலின் மேற்பரப்பில் மடியும் நுண்ணுயிர்கள் துகள்களாய்த் தாழும்போது, காற்றிலிருந்து கரைந்த கரிமத்தையும் ஆழத்திற்குக் கொண்டுசெல்கின்றன. அதன் அளவைத் தானே மூழ்கி, தன் கண்ணாடித் தட்டில் விழும் துகள்களைத் தானே படமெடுத்து, தானே மேலெழுந்து சொல்லும் கருவிக்காகப் பதினோராண்டுகள் உழைத்தீர்கள். கோட்டையூர்ப் பேருந்தில் ஒருவர், "கடலே இல்லாத ஊர்ல என்ன கடல் வேலை பாக்குறீக?" என்று கேட்டார். "கடலுக்குள்ள எம்புட்டுத் தூசி விழுகுதுன்னு எண்ணுறேண்ணே" என்றீர்கள். அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். இக்கதை இன்றுவரை எங்களுக்குச் சலித்ததில்லை.

தூத்துக்குடிக்கு அப்பால் நடந்த முதல் சோதனையில், எவரும் எதிர்பாராத பேரளவு பதிவாயிற்று. திட்டத் தலைவர் வள்ளியப்பன் மாநாட்டுக்கு அனுப்பவேண்டிய அறிக்கையை எழுதி முடித்தார். நாங்கள் இனிப்பும் வாங்கிவிட்டோம். தாங்கள் மட்டும் நாலாயிரம் படங்களையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்துவிட்டு அவர் அறைக்குச் சென்றீர்கள்.

"சார், அறிக்கைய அனுப்பிறாதீக. பாதிக்கு மேல மேலேருந்து விழுந்த துகள் இல்ல. நீந்தி வந்து கண்ணாடியில உக்காந்த சின்ன உசுருக."

"ரஹீமாம்மா, நாளைக்குக் கடைசித் தேதி. இப்ப வந்து சொல்றீகளே."

"இப்பத்தானே சார் பாத்து முடிச்சேன்."

அறிக்கை நின்றது. மாநாட்டு வாய்ப்பு போயிற்று. எங்களில் சிலர் ஒரு வாரம் தங்களோடு தேநீர் அருந்தவும் வரவில்லை. அதற்காக இம்மடலிலேயே மன்னிப்புக் கோருகிறோம். தாங்களோ எவரையும் கடிந்துகொள்ளாமல், ஒரே கண்ணாடியைச் சற்று நேர இடைவெளி விட்டு இருமுறை படமெடுக்கும் முறையை வகுத்தீர்கள். இரண்டு படத்திலும் அசையாமல் இருப்பதையே கருவி எண்ணும். இடம் மாறியதை விட்டுவிடும்.

மறுசோதனைக்கு, படகேறினாலே வாந்தி வரும் தாங்கள் மூன்று நாள் கடலில் கிடந்தீர்கள். கருவி சொன்ன அளவு முன்பைவிடப் பாதிக்கும் குறைவு. ஆனால் விழும் துகள்களைப் பிடிக்க அருகே தொங்கவிட்ட பொறியில் சேர்ந்தவற்றை எடைபோட்டபோது இரண்டு அளவும் ஒத்துவந்தன. வள்ளியப்பன் ஆய்வுக்கூடத்தில் அனைவர் முன்னும், "அன்னைக்கு உங்க மேல கோபப்பட்டது என் தப்பும்மா" என்றார். தாங்கள் கருவியைத் திருப்பிப் பார்த்தவாறே, "அத விடுங்க சார். இந்தக் கண்ணாடிய யாரு தொடச்சது? ஓரத்துல கறை இருக்கு" என்றீர்கள். அறை முழுதும் சிரித்தது. அவர் எங்களைவிட உரக்கச் சிரித்தார்.

இப்போது மூன்று கருவிகள் வங்கக் கடலில் மிதக்கின்றன. நாளைக் காலை அவை அனுப்பும் எண்களைத் தாங்கள் இன்றி முதன்முறை நாங்கள் படிக்கப் போகிறோம். பெரிய எண் வந்தால் மகிழ்வதற்கு முன் தங்களைத்தான் அழைப்போம். அருள்கூர்ந்து தொலைபேசியை எடுங்கள்.

துபாயிலிருந்து நிரந்தரமாய்த் திரும்பியிருக்கும் தங்கள் கணவர் ஜியாவுதீன் அவர்களோடு, உடல்நலமும் உளநலமும் ஓங்க, படகேறத் தேவையில்லாப் பயணங்கள் பல கண்டு, பல்லாண்டு வாழ்க.

அன்பும் நன்றியும் மாறாத,
ஆழ்கடல் உணரி ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
காரைக்குடி