லேசா உதைக்கிற தோட்டா

— பொட்டலத்த அங்க வைக்காத ஹெலன்! தோட்டாக்கு மருந்து ரொப்புற மேஜைம்மா அது. அந்தாண்ட வை, ஜன்னல்கிட்ட.

— பிரியாணிதான் வின்சென்ட் அண்ணா, குண்டு இல்ல. சிவாஜிநகர்ல அந்தக் கூட்டத்துல நின்னு வாங்கியாந்தேன். கிளப்புக்குள்ள வந்ததும் முதல்ல உங்க ரூமுக்குத்தான் வந்தேன், ப்ராமிஸ்.

— இரு, மருந்துத் தட்ட மூடிக்கிறேன்... ம், ஆச்சு. இப்பப் பேசு.

— ஊர்ல எல்லாரும் சாமி முன்னாடிதான் வாய மூடுவாங்க. உங்க ரூம்ல தட்டு தொறந்திருந்தா போதும், ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது!

— எங்கப்பா கோலார் மைன்ஸ்ல வெடி வச்ச ஆளு. மருந்து வெளிய இருந்தா நாக்கு உள்ள இருக்கணும்னுவாரு. பேச்சுல ஒரு தோட்டாக்கு ரெண்டு தடவ ரொப்பிட்டேன்னு வையி, சுடறவன் கையி போச்சு. சரிதானே?

— சரிதான், சரிதான். அதனாலதான் ரெண்டு மாசமா உங்களுக்கு ஒழுங்கா ஒரு தேங்க்ஸ்கூட சொல்லல. இன்னைக்கு விட மாட்டேன். நேத்து செலக்‌ஷன்ல ஜெயிச்சுட்டேன், ஸ்டேட் டீம்ல இருந்த ஒரே இடம் எனக்கு. மணிக்கட்டுல ஆபரேஷன் ஆன கை அண்ணா இது! ரிவால்வர மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— கேட்டேன், கேட்டேன்.

— கடைத் தோட்டா போட்டு ஒரே ஒரு தடவ சுட்டேன். உதைச்ச உதைல தோள் வரைக்கும் வலி. நீங்க லேசான ஈயக் குண்டு ஊத்தி, மருந்தக் கொறச்சு செஞ்சு குடுக்கலன்னா, ஆஸ்டின் டவுன் வீட்ல உக்காந்து சீரியல்தான் பாத்துட்டு இருந்திருப்பேன்.

— மொத நாளு என்னைத் திட்டின திட்டு மறந்துட்டியா?

— எல்லாம் குறிக்குக் கீழயே போய் விழுந்துச்சே! என் கைதான் செத்துப் போச்சுன்னு நெனச்சு பாத்ரூம்ல போய் அழுதேன். அப்புறம்தானே நீங்க துப்பாக்கில குறி பாக்கற சைட்ட மேல ஏத்தச் சொன்னீங்க.

— லேசான குண்டு, துப்பாக்கிக் குழாய் மேல எழும்புறதுக்குள்ள வெளிய ஓடிப்புடுது. அதான் கீழ விழும். ஆனா ஹெலன்... அது எனக்குத் தெரிஞ்சு சொன்னது இல்ல. ரக்ஷா சொல்லித்தான் தெரியும்.

— ரக்ஷாவா? நேத்து என்கிட்ட ஒரு பாயிண்ட்ல தோத்தாளே, அந்த ரக்ஷாவா? பாவம், அவளுக்கு நேத்து என்ன ஆச்சுன்னே தெரியல. நிதானமா சுடற ஸ்லோ ஃபயர்ல நல்லாத்தான் சுட்டா. வேகமா சுடற ரேபிட் ரவுண்டு வந்ததும், ஒவ்வொரு வெடிக்கும் கை எகிறி, திரும்ப குறிக்கு வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சு போச்சு.

— எகிறாம என்ன பண்ணும்? அவ ரெண்டு வருஷமா சுடறது லேசான தோட்டா. நேத்து சுட்டது கடைத் தோட்டா.

— என்னண்ணா சொல்றீங்க?

— அந்த லேசான குண்டு ஊத்துற அச்சு என்னுது இல்லம்மா, அவளுது. உன் கை கதையக் கேட்டு, ஹெலன் அக்காக்கும் ஊத்திக் குடுங்கன்னு அவதான் குடுத்தா. போட்டிக்குன்னு ஊத்தினதுல பாதிக்கு மேல எடை சரியில்ல, உருக்கிப் போட்டுட்டேன். நல்லதா ஒரு டப்பாதான் தேறுச்சு. அவ அச்சு, அதனால அவ பேர ஒட்டினேன். உன் பேர கடைத் தோட்டா டப்பா மேல ஒட்டிட்டு, உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டு இருந்தேன்.

— அப்புறம்?

— நேத்து காலைல சின்னப்பா சாருக்குத் தோட்டா ரொப்பிட்டு இருந்தப்ப அவ வந்தா. ரெண்டு டப்பாவையும் பார்த்தா. பேர ரெண்டையும் உரிச்சு மாத்தி ஒட்டிட்டு, கடைத் தோட்டாவ எடுத்துட்டுப் போயிட்டா.

— நீங்க பார்த்துட்டு சும்மா இருந்தீங்களா?

— தட்டு தொறந்திருந்துச்சு ஹெலன்! வாயத் தொறக்கல. மூடிட்டு ஓடிப் பார்த்தா, அவ லைன்ல நின்னு சுட ஆரம்பிச்சுட்டா. இந்த வாய் பழகின பழக்கம்... நேத்துல இருந்து சோறு எறங்கல.

— ஐயோ அண்ணா. ஊரெல்லாம் போன் போட்டு ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு சொல்லிட்டேனே.

— உள்ள வரலாமா அங்கிள்? தட்டு மூடியிருக்கா?

— வா ரக்ஷா, வா. மூடித்தான் இருக்கு. உன் பேச்சுதான்.

— ஏனாய்த்து? அக்கா எதுக்கு அழறாங்க?

— டப்பாவ மாத்தினியா ரக்ஷா?

— அங்கிள்! சொல்லிட்டீங்களா?

— அவர விடு, என்னப் பாரு. உன் அச்ச எனக்குக் குடுத்திருக்க. என் கை கீழ போகுதுன்னு நான் அழுதப்ப வழி சொல்லி அனுப்பியிருக்க. எங்கூடப் பொறந்தவங்ககூட இவ்ளோ செஞ்சதில்ல. கை திரும்பக் கிடைச்சது உன்னாலதான், சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இந்த இடம் மட்டும் வேணாம். டீம் எடுக்கிற சேஷகிரி சார்கிட்ட போய் சொல்லிடறேன். பாவம் பார்த்து நீ விட்டுக் குடுத்த இடத்துல நான் நிக்க மாட்டேன்.

— பேடா அக்கா, வேணாம், போகாதீங்க. பாவம்னு யாரு சொன்னாங்க? கடைத் தோட்டாவ வச்சே உங்கள ஜெயிச்சுடுவேன்னு அவ்ளோ திமிர் எனக்கு. தோத்துட்டேன், இடம் உங்களுதுதான்.