மூக்குல அடிச்ச மருந்து

அந்தக் கைக்குட்டையை மூக்குலேர்ந்து எடுங்கக்கா, உங்களுக்கு மூச்சு முட்டிடப் போகுது. முன்சீட்டுல ஜன்னலோரம் தும்மிக்கிட்டு வர்றாளே, அவ என் பொண்ணுதான். அது சளி இல்ல. சனிக்கிழமை ஃப்ளூ தடுப்பு மருந்து போட்டோம். ஊசி இல்ல, மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே. அதுக்கு நாலஞ்சு நாள் மூக்கு இப்படித்தான் ஒழுகுமாம்.

பயப்படவே வேணாம். தலைவலி, தொண்டைக் கரகரப்பு, லேசாக் காய்ச்சல், உடம்பு அசதி, அவ்வளவுதான். மூச்சு இழுப்பு இருக்கிற பிள்ளைங்கன்னா கொஞ்சம் பாத்துக்கணும். இவளுக்கு அதெல்லாம் இல்ல. டாக்டரா? நானா? நல்லாக் கேட்டீங்க போங்க. வாஷிங் மெஷின் ரிப்பேர்க்காரன்க்கா. மெஷினோட வர்ற புக்கை அட்டையில இருந்து அட்டை வரைக்கும் படிக்காம ஸ்க்ரூ டிரைவரையே தொடமாட்டேன். மருந்தோட குடுத்த இந்த ஒரு காகிதத்தை மட்டும் போட்டு முடிச்சப்புறம் படிச்சேன்.

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருக்கா. பத்து வாரமாச்சு. ரத்தத்துல வியாதி, எலும்பு மஜ்ஜை மாத்தினாங்க. மாத்தினது பிடிக்கிற வரைக்கும் அவ உடம்புக்கு எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணுமே கிடையாது. தனி ரூம், ரெண்டு கதவு. ஞாயித்துக்கிழமை மட்டும், முழங்கை வரைக்கும் கை கழுவிட்டு, மாஸ்க் போட்டு, பொண்ணை அரைமணி நேரம் உள்ள விடுவாங்க. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் ரெண்டு பேரும் மிச்ச ஆறு நாளையும் தள்ளுறாங்க.

வார்டுலயே சொன்னாங்க, வீட்டுல எல்லாரும் ஃப்ளூவுக்குப் போட்டுக்குங்க, அவங்களுக்குத் தொத்தக்கூடாதுன்னு. வீட்டுப் பக்கத்துக் கிளினிக்ல நான் ஊசி போட்டுக்கிட்டேன். இவ ஊசியைப் பாத்ததும் மேசைக்கு அடியில போயிட்டா. சரி, ஸ்ப்ரே இருக்குன்னாங்க. அப்பதான் அந்த நர்ஸ் கேட்டாங்க, கூடப் பழகுறவங்க யாருக்காவது எதிர்ப்பு சக்தி ரொம்பக் கம்மியான்னு. இவ அப்பதான் தலையை வெளிய நீட்டியிருக்கா, திரும்ப உள்ள போயிடுவாளோன்னு எனக்கு அவசரம். எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னு தலையாட்டிட்டேன். பத்து வாரம் அவ பக்கத்துலயே உக்காந்திருந்தவன்க்கா நான்.

வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பிரிச்சாத்தான் தெரியுது. அதுல இருக்கிறது உயிருள்ள கிருமி, பலத்தையெல்லாம் எடுத்துட்டு விட்டிருக்காங்க. உங்களையும் என்னையும் ஒண்ணும் பண்ணாது. ஆனா என் வீட்டுக்காரி மாதிரி தனி ரூம்ல வச்சிருக்கிறவங்க பக்கம் ஏழு நாள் போகக்கூடாதாம். வார்டுக்குப் போன் பண்ணேன். தொத்துறது ரொம்ப அபூர்வம்தான், ஆனாலும் பொண்ணு ஏழு நாளைக்கு வேணவே வேணாம்னுட்டாங்க. அவங்க சொன்னது சரிதான்.

அந்த ஞாயித்துக்கிழமை என்னாலதான் போச்சு. இவ அன்னிக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு, தும்மினது தன் தப்புன்னு நெனச்சிட்டு உக்காந்திருந்தா. வீட்டுக்காரி திட்டக்கூட இல்ல. நான் மட்டும் போயிருந்தேன். ஊர் மெஷினுக்கெல்லாம் புக்கு படிப்பீங்க, வீட்டு விஷயம்னா மட்டும் அப்புறமான்னு சிரிச்சா. அடுத்த ஞாயிறு வரட்டும், எங்க ஓடிடப் போறேன்னா. ரெண்டு வார்த்தைக்கு ஒருதடவை மூச்சு வாங்குச்சு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

ஆமா, அங்கதான் போறோம். அடுத்த ஸ்டாப்.

சரியாத்தான் எண்ணுறீங்க. இன்னிக்குப் புதன்தான். அஞ்சு நாள்தான் ஆகுது.

காலையில பெரிய டாக்டரே போன் பண்ணாரு. மாத்தினது பிடிக்கலயாம். பொண்ணை இன்னிக்கே கூட்டிட்டு வாங்கன்னாரு. ஏழு நாள் ஆகலையே சார், இன்னும் மூக்கு ஒழுகுதேன்னேன். பரவாயில்ல, அதெல்லாம் இனிமே பாக்க வேண்டாம், மாஸ்க்கும் வேண்டாம், அம்மா மடியிலயே உக்காரட்டும்னாரு.

இவகிட்ட, நீ சமர்த்தா இருந்ததால ரெண்டு நாள் முன்னாடியே விட்டுட்டாங்கன்னு சொல்லியிருக்கேன். கொஞ்சம் வழி விடுங்கக்கா, எறங்கணும்.