கணக்கு சீட்டும் குட்டை ஏணியும்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பேருந்து முதலாளி, பெரியவர் அரசப்பன் அவர்களே! முன் வரிசையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குமரேசனின் மனைவி, தங்கை சூர்யகலா அவர்களே! திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்திருக்கும் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே! எங்களோடு சில்லறைக்குச் சண்டை போட்டுவிட்டு மறுநாளும் எங்கள் வண்டியிலேயே ஏறிய பயணிகளே! எல்லாரையும்விட முக்கியமாக, சுவரோரம் சீருடையோடு நிற்கும் பிள்ளைகளே! உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் பூவரசன், வண்டி ஓட்டுகிறவன். சாலையைப் பார்த்தே பழகியவனுக்கு இத்தனை முகங்களைப் பார்த்துப் பேச வரவில்லை. தம்பி குமரேசன் என் வண்டியின் நடத்துநர், எனக்குப் பின்னால் நடமாடிய மனிதர். அவரை நான் கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டதே அதிகம். கேட்டதைச் சொல்கிறேன்.

போன வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. வரும் திங்கட்கிழமை அவர் இடத்துக்குப் புது நடத்துநர் வருகிறார். வரட்டும், நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் நடத்துநர் இருக்கைக்கு முன்னால் இருக்கிறதே ஒரு சீட்டு, இரண்டு பேர் உட்காரும் சீட்டு, அது என்ன ஆகும்? அந்தக் கேள்வியோடுதான் நான் இந்த மேடை ஏறியிருக்கிறேன். பதில் வாங்காமல் இறங்க மாட்டேன்!

அது என்ன அப்படிப்பட்ட சீட்டு? வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்குக் கணக்கு சீட்டு என்று பெயர். ஜன்னலோரம் வீட்டுப்பாடத்தோடு ஒரு பிள்ளை. பக்கத்தில் அந்தப் பாடம் தெரிந்த ஒரு பயணி. இருவரையும் சேர்த்து உட்கார வைப்பது குமரேசன் வேலை.

அவருக்குக் கணக்கு தெரியுமா? தெரியாது! ஒளிக்காமல் சொல்கிறேன், தங்கை கோபித்துக்கொள்ளக் கூடாது. சைன், காஸ், டான் மூன்றும் அவருக்கு மூன்று தூரத்துச் சொந்தக்காரர்கள். பெயர் தெரியும், போக்குவரத்து கிடையாது. ஆனால் யாருக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். டிக்கெட் கிழிக்கும்போதே கேட்டுவிடுவார்.

"எங்க போறீங்க? விக்கிரவாண்டியா? இன்னா வேலைங்க பாக்குறீங்க?"

சிலர் சண்டைக்கு வருவார்கள். "டிக்கெட்ட குட்றான்னா, ஜாதகம் கேட்டுக்கினு கீறான்" என்று ஒருவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் யார் தெரியுமா? சோலார் பலகை மாட்டும் சுதாகர். அடுத்த வாரமே கணக்கு சீட்டில் உட்கார்ந்து, ஒரு பையனுக்குப் பலகையை எவ்வளவு சாய்க்க வேண்டும், அதன் நிழல் எவ்வளவு தூரம் விழும் என்று டான் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டியில் இறங்க வேண்டியவர் விழுப்புரம்வரை வந்துவிட்டார். அதோ, தலையைக் குனிந்து சிரிக்கிறாரே, அவர்தான்!

ஒரு நாள் மாலை. பத்தாம் வகுப்பு பானுப்ரியா கூட்டேரிப்பட்டில் ஏறினாள். இந்த டான் தீட்டாவெல்லாம் எதற்கு என்று ஏறும்போதே அழுகை. அடுத்த வருடம் கணக்குப் பாடமே இல்லாத பிரிவில் சேரப் போகிறாளாம். குமரேசன் என்ன சொன்னார்? அழாதே என்றாரா? படித்தால் பெரிய ஆளாகலாம் என்று உபதேசம் செய்தாரா? இல்லை! விசிலை ஊதினார். வண்டியே திரும்பிப் பார்த்தது.

"யாருனா ஒருத்தர் சொல்லுங்க! இந்தப் பாப்பா கேக்குது, இந்த டான் தீட்டா எந்த வேலைக்கு ஆவுது?"

பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். ஜெசிந்தா. சாலைப் பணியில் அளவெடுப்பவர். கணக்கு சீட்டில் உட்கார்ந்து சொன்னார்:

"நீ போய்க்கினு கீறியே, இந்த ரோட்டுக்குத்தாம்மா. வளைவு வருதுல்ல, அங்க ரோட்ட ஒரு பக்கமா தூக்கிப் போட்டிருப்போம். எவ்ளோ தூக்கணும்னு டான் தீட்டாதான் சொல்லும். அதுக்கு மேல டிரைவரு வேகமா போனாருன்னு வையி, வண்டி வெளிய தள்ளும்."

அன்பு நண்பர்களே! அப்போது வண்டி வளைவில்தான் இருந்தது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது! இத்தனை வருடமாக நான் தார் மேல் ஓட்டுவதாக நினைத்திருந்தேன். டான் தீட்டாவின் மேல் ஓட்டியிருக்கிறேன்! பின்னாலிருந்து குமரேசன் குரல்: "அண்ணே, கேட்டுச்சா? உனக்கும் சேத்துதான் பாடம்."

அந்தப் பானுப்ரியா கணக்கை விடவில்லை. இன்று கட்டுமானப் பிரிவில் பட்டயம் முடித்து, ஜெசிந்தா அம்மா கூடவே சாலை அளக்கிறாள். அவளை அழ வைத்த கணக்குதான் இன்று அவளுக்குச் சோறு போடுகிறது.

இப்போது ஏணிக் கதை. அதைச் சொல்லாமல் விட்டால் குமரேசனே எழுந்து வந்து கேட்பார்.

திண்டிவனத்தில் நம் ஷெட்டுக்கு ஒரு ஏணி வேண்டும் என்றார் முதலாளி. அங்கே கூடியிருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் குமரேசனுக்கு உற்சாகம். கூரை உயரத்தை டேப் வைத்து அளக்கக் கூடாதாம், பாடம் வைத்து அளக்க வேண்டுமாம்! பாகைமானியில் ஒரு உறிஞ்சுகுழலை ஒட்டி, நூலில் நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, குழல் வழியாகக் கூரையைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்தார். கோணம் நாற்பத்தைந்து வந்ததும் நின்றார். "டான் நாப்பத்தஞ்சு ஒண்ணு! நான் நிக்கிற தூரம்தான் உசரம்!" என்று, கணக்கு சீட்டில் காதில் விழுந்ததை வைத்து முழங்கினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கணக்குப் படித்த பானுப்ரியாவும் அன்றைய குஷியில் கை தட்டினாள். சாய்த்து வைப்பதற்கு வேண்டிய நீளத்தைக்கூட வெல்டர் மறக்காமல் சேர்த்துக்கொண்டார். ஏணி வந்தது. சுவரில் சாய்த்தோம்.

எட்டவில்லை!

முதலாளி ஆடிய ஆட்டத்தை ஷெட் தாங்கியதே பெரிது. யாருக்கும் காரணம் புரியவில்லை. பானுப்ரியாதான் ஏணி உச்சியையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, குழல உன் கண்ணுல வச்சுதான பாத்த? கண்ணுக்கு மேல இருக்குறதுதான் அந்தக் கணக்குல வரும். தரையிலேர்ந்து உன் கண்ணு வரைக்கும் யாரு கூட்டுவா? உன்ன நீ கூட்டலியே!"

குறைந்தது எவ்வளவு? சரியாகக் குமரேசனின் கண் உயரம்! அவரே ஏணியில் கை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அன்று நானும் சிரித்தேன். இந்த ஒரு வாரமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏறிய பிள்ளைகளையெல்லாம் கணக்கில் சேர்த்தாயே, தம்பி, உன்னை எங்கே சேர்த்தாய்? நெஞ்சு வலித்தபோதுகூட வாயுப் பிடிப்பு என்று சொல்லி இரண்டு நடை அடித்தாயே! எனக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் இந்தச் சுவரோரத்தைப் பார்க்கும்போது மனம் நிறைந்தும் இருக்கிறது. வாழ்ந்தவன் வீணாக வாழவில்லை.

முதலாளி அவர்களே! இப்போது என் கேள்வி. கணக்கு சீட்டு இருக்குமா? தேர்வு வருகிறது, பிள்ளைகள் உங்கள் முகத்தையேதான் பார்க்கிறார்கள். ஐயா ஏதோ சொல்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"சீட்டு இருக்கட்டும் பூவரசா. புதுசா வர்றவன்கிட்ட நானே சொல்றேன். அந்த ஏணிய மட்டும் எவனும் மாத்திடாதீங்க."

கேட்டீர்களா! கை தட்டுங்கள், இரங்கல் கூட்டம் என்று பார்க்காதீர்கள், அவருக்கு அது பிடிக்கும்!

தோழர்களே, எங்கள் உறுதிமொழி இதுதான். எங்கள் வண்டியில் ஏறுகிறவரை இன்னா வேலைங்க என்று கேட்போம். திட்டினால் வாங்கிக்கொள்வோம். பாடம் புரியாத பிள்ளையைப் புரியாமல் இறங்க விட மாட்டோம். வளைவில் மெதுவாகப் போவோம், அது என் பொறுப்பு.

கூட்டம் முடிந்ததும், மேடையில் மாலையோடு இருக்கும் குமரேசனின் இந்தப் படத்தை ஷெட்டுக்கு எடுத்துச் செல்கிறோம். அந்தக் குட்டை ஏணியில் நானே ஏறுவேன். அதன் உச்சிக்கும் கூரைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. குமரேசா, உன்னை அங்கேதான் மாட்டப் போகிறோம். இப்போதுதான் அந்தக் கணக்கு சரியாக வரும்.