திரும்பாத வால்வு

மேல ஆபீஸ் ரூம்லயே உக்காந்து பேசியிருக்கலாம்தான் சார், இல்லன்னு சொல்லலை. ஆனா அங்க ஃபேனுக்கு அடியில உக்காந்தா நீங்க கேக்கறது ஒண்ணா இருக்கும், நான் சொல்றது ஒண்ணா இருக்கும். குத்தம் நடந்த எடத்தை, இந்த போட் எஞ்சின் ரூமைப் பாக்காம எப்படி விசாரிப்பீங்க? தலையைப் பாத்துக்கங்க, அந்த பைப் வர்றவங்க எல்லாரையும் ஒரு தடவை இடிச்சிடும். ஏணிக்கு முகத்தைக் காட்டித் திரும்பி இறங்குங்க. ஆங், அப்படித்தான்.

டீசல் வாடையா? எனக்குத் தெரியறதே இல்ல சார். நல்ல காத்து வர்ற எடத்துக்குப் போனாத்தான் எனக்கு மூக்கடைக்கும்.

உக்காருங்க, அந்தப் பெட்டி மேல உக்காரலாம், நான் தொடச்சு வெச்சிருக்கேன். உங்களுக்கு என் தம்பி வயசுதான் இருக்கும், ஆனாலும் தலைமை ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்க, சார்னே கூப்பிடறேன். சட்டம் படிச்சவர்னு சொன்னாங்க. நான் எஞ்சினுக்குப் படிச்சவ. உங்க பாஷை எனக்குப் புரியலைன்னா நான் கேப்பேன், என்னுது புரியலைன்னா நீங்க கேளுங்க. அதுல ஒண்ணும் கொறைஞ்சு போயிட மாட்டோம்.

இதோ, இந்த மூடியைத் தூக்கறேன். தெரியுதா? இதுதான் வால்வு. ஒரு பெரிய ஆணியைத் தலைகீழா தொங்க விட்ட மாதிரி. அதோட தலை உள்ள இருக்கு, அகலமா, குடை விரிச்ச மாதிரி. எரிஞ்ச புகை வெளிய போகும்போது தொறக்கும், போனதும் பட்டுனு மூடும். மூடும்போது அதோட விளிம்பு ஒரு வளையத்துல போய் உக்காரும். தொறந்து, மூடி, தொறந்து, மூடி, எஞ்சின் ஓடற வரைக்கும் ஓயாது. அதுவும் எங்க? நெருப்புக்கு நடுவுல.

இப்ப அது ஒரே மாதிரி ஒரே எடத்துல உக்காந்துக்கிட்டே இருந்தா என்ன ஆகும், சொல்லுங்க? கரெக்ட். ஒரு பக்கம் மட்டும் தேயும். கரி படியும். கரி மேல உக்காந்தா இடுக்கு விழும், அந்த இடுக்குல நெருப்பு பூந்து விளிம்பை அரிச்சிடும். சீக்கிரம் புடிச்சுக்கிட்டீங்களே. எங்க ஸ்டோர்ஸ் மேனேஜருக்கு மூணு வருஷமா இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்.

அதுக்குத்தான் இது. கையை நீட்டுங்க. பயப்படாதீங்க, துணி இருக்கு, தொடச்சுக்கலாம். இதுக்குப் பேரு ரொட்டேட்டர். பாத்தா ஏதோ டப்பா மூடி மாதிரி இருக்கு இல்ல? உள்ள சின்னச் சின்ன இரும்பு குண்டு, ஒவ்வொண்ணும் ஒரு சரிவுல நிக்குது. வால்வு தொறக்கும்போது ஸ்ப்ரிங் அமுங்கி பாரம் ஏறும். பாரம் ஏறினா குண்டு சரிவுல உருளும். உருளும்போது வால்வை ஒரு இம்மி திருப்பி விட்ரும். ஒரு இம்மிதான். அடுத்த தடவை இன்னொரு இம்மி. அதனால வால்வு உக்கார்ற எடம் மாறிக்கிட்டே இருக்கும். சூடு ஒரு பக்கமே தாக்காது, கரியும் தானே தொடச்சுக்கும். தனியா மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. இதை யோசிச்சவன் எவனோ, அவனுக்கு ஒரு சல்யூட் வைக்கணும்.

சுத்துதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேணாம். மேல வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு போட்டு, எஞ்சினை மெதுவா ஓட விட்டுட்டு, பக்கத்துல நின்னு பாக்கணும். கோடு நகர்ந்தா சுத்துது. நகரலைன்னா சிக்கிக்கிச்சு. கடிகாரத்துல பெரிய முள்ளைப் பாக்கற மாதிரி, பொறுமை வேணும், அவ்வளவுதான்.

போன தடவை எஞ்சினைப் பிரிச்சுப் பூட்டும்போது புதுசா ரொட்டேட்டர் கேட்டேன். வந்தது. பாத்தா அச்சு அசல் இதே மாதிரி இருக்கு, கையில எடுத்தா எடை குறைச்சல். வேற ஏதோ கம்பெனி சரக்கு. சூடு ஏறினா உள்ள குண்டு ஒட்டிக்குது. மேனேஜர்கிட்ட போய், சார் இது சுத்தலைன்னேன். எஞ்சின் ஓடுதுல்லன்னார். ஓடுதுன்னேன். அப்ப என்ன பிரச்சினைன்னார். திரும்பவும் போனேன். வீட்டுல ஃபேன் சுத்தலைன்னாக்கூட இப்படிக் கவலைப்பட மாட்டீங்க போலன்னு சிரிச்சார். பக்கத்துல இருந்தவங்களும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். சிரிப்பு எஞ்சினை ஒண்ணும் பண்ணாது.

அன்னிக்குக் காலைல. ஆத்துல தண்ணி எப்படிப் போச்சுன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. மரமே வேரோட மிதந்து போச்சு. பஸ், லாரியெல்லாம் ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போற இந்த போட்டுக்கு ரெண்டு எஞ்சின், வாஸ்தவம்தான். இன்னொண்ணு அதோ, ரிப்பேருக்குப் பிரிச்சுப் போட்டது, அன்னிக்கும் இதே கோலம்தான். ஒத்தை எஞ்சின்ல போயிட்டு வந்துட்டிருந்தோம். நடு ஆத்துல அது நின்னா என்ன ஆகும்? நங்கூரம் புடிக்காது. இழுத்துட்டுப் போய் கீழ இருக்கிற அணைச் சுவத்துல அடிக்கும். அன்னிக்கு மேல ஒரு பஸ் நின்னுச்சு, ரெண்டு லாரி, ஸ்கூல் புள்ளைங்க ஒரு கூட்டம், பால்காரங்க, அப்புறம் அந்த ஆம்புலன்ஸ்.

கெளம்பறதுக்கு முன்னாடி எஞ்சினைச் சூடு பண்ணினேன். ஒரு வால்வு கிட்ட சத்தம் சரியில்ல. பல்லிடுக்குல காத்து விட்ட மாதிரி ஸ்ஸுன்னு. மூடியைத் தூக்கிப் பாத்தேன். கோடு அசையலை. இன்னும் கொஞ்ச நேரம் பாத்தேன், என் கண்ணுதான் ஏமாத்துதோன்னு எனக்கு ஒத்தாசைக்கு இருக்கிற ஆயில்மேனைக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். அவரும் குனிஞ்சு பாத்துட்டு, இல்லக்கா, அப்படியே நிக்குதுன்னார். வெளிய போற புகையோட சூடும் அந்த ஒண்ணுல மட்டும் எகிறிக் கெடக்கு. அப்படின்னா விளிம்பு ஏற்கனவே எரிய ஆரம்பிச்சாச்சு. அதுல ஒரு துண்டு உடைஞ்சு உள்ள விழுந்தா போதும், எஞ்சின் நொறுங்கிடும். நிறுத்திட்டேன்.

கேப்டன் அந்த ஏணியில பாதி இறங்கி நின்னுக்கிட்டு, என்னாச்சுன்னார். சொன்னேன். நல்ல மனுஷன் சார் அவரு, நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ்ல பிரசவ வலி, ஆஸ்பத்திரி அந்தக் கரையிலதான் இருக்கு, ஒரே ஒரு நடை போயிட்டு வந்து நிறுத்திக்கலாம், பொறுப்பு நான் ஏத்துக்கறேன்னார். நீங்க ஏத்துப்பீங்க கேப்டன், வால்வு ஏத்துக்காதேன்னேன். அவருக்கும் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணத் தெரியும். நான் நகர்ந்தா அவரே இறங்கி வந்து ஸ்டார்ட் பண்ணிடுவார். அதனால ஒரு டீசல் பைப்பைக் கழட்டி வெச்சுட்டு, நானே போய் சொல்றேன்னு மேல போனேன்.

ஆமா, ஆம்புலன்ஸ் கதவைத் தொறந்து எட்டிப் பாத்தேன். ஆமா, கீழ வந்தேன். ஆமா, வந்ததுக்கு அப்புறம்தான் மிச்சம் இருந்த பைப் அத்தனையும் கழட்டினேன். எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டுக் கட்டி, ஆயில்மேன்கிட்ட குடுத்து, கரையில இருக்கிற ஒர்க்‌ஷாப்ல கொண்டு போய் வெச்சிடுங்கன்னேன். எல்லாரும் பாத்ததுதானே. மறைக்க என்ன இருக்கு?

ஏன் அப்படிச் செஞ்சேன்னா... இருங்க, முதல்ல உங்க ரிப்போர்ட்டை முடிச்சுக்கலாம்.

வால்வைக் கழட்டி வெளி ஆளுங்க பாத்தாங்க இல்ல? என்ன சொன்னாங்க? விளிம்பு எரிஞ்சிருக்கு. உண்மை. விரிசல் இருக்கு. உண்மை. ஆனா அன்னிக்கே உடைஞ்சிருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. அதுவும் உண்மைதான் சார்! நானும் அதைத்தான் சொல்றேன். அந்த ஒரு நடை தாங்கியிருக்கலாம். ஒரு வாரம்கூட ஓடியிருக்கலாம். நடு ஆத்துக்குப் போறதுக்குள்ள தெறிச்சிருக்கவும் செய்யலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணை நம்பி ஸ்கூல் புள்ளைங்களை அந்தத் தண்ணியில ஏத்திட்டுப் போக என்னால முடியாது. உங்களால முடியும்னா உங்க கையால ஸ்டார்ட் பண்ணுங்க, நான் கரையில நின்னு பாக்கறேன்.

கோவம் இல்ல சார். என் குரலே இப்படித்தான். எஞ்சின் சத்தத்துல பேசிப் பேசி இப்படி ஆயிடுச்சு.

என்னது? வருத்தம் தெரிவிச்சா போதுமா? ஒரே வரி, பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன், கையெழுத்துப் போட்டா நாளைக்கே வேலைக்கு வரலாம். நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, புரியுது. ஆனா மாட்டேன். வருத்தப்படணும்னா அந்த டப்பா மூடியை வாங்கிப் போட்டவங்க வருத்தப்படட்டும். நான் நிறுத்தினேன். நாளைக்கு இதே மாதிரி கோடு அசையாம நின்னா, நாளைக்கும் நிறுத்துவேன். அதை வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

ஆங், வந்துட்டீங்க பாருங்க அந்தக் கேள்விக்கு. கேண்டீன்காரர் கேட்டாச்சு, பஸ் கண்டக்டர் கேட்டாச்சு, என் கூடப் பொறந்த அண்ணனே போன்ல கேட்டான். உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா நிறுத்தியிருப்பீங்களா. எல்லாருக்கும் எங்கிருந்துதான் இந்த ஒரே கேள்வி கெடைக்குதோ.

காட்டுங்க. அந்த வீடியோ நான் இன்னும் பாக்கலை. யார் எடுத்தாங்களாம்? லாரி டிரைவரா? ம். இதுதான் நான். தலைமுடி என்ன இப்படி நிக்குது. இது கேப்டன். இது அந்தப் பையன், ஆம்புலன்ஸ்ல கூட வந்தவன். என் தோளைப் புடிச்சு உலுக்கறான் பாருங்க. தண்ணி பாட்டிலை எறியறான். என் மேல படலை, பக்கத்துல விழுந்துச்சு. சத்தத்தைக் கூட்டினாலும் ஒண்ணும் கேக்காது சார், அன்னிக்குக் காத்து அப்படி.

அவங்க வீட்டுல இருந்து மட்டும் ஒரு புகாரும் வரலைங்கறது உங்களுக்கு ஆச்சரியமா இருக்கா? வராது சார்.

அத்தைன்னு கத்தறான். அத்தை, ஸ்டார்ட் பண்ணுங்க அத்தை, உங்க காலைப் புடிக்கறேன் அத்தைன்னு கத்தறான். என் மாப்பிள்ளை.

உக்காருங்க சார், எதுக்கு எழுந்திரிக்கறீங்க, மேல பைப் இருக்கு.

இன்னும் ரெண்டு வாரம் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. திடீர்னு வலி வந்திருக்கு. மாப்பிள்ளை போன் மேல போன் அடிச்சிருக்கான், இந்தச் சத்தத்துல எனக்கு எங்க கேக்கும். நான் யாரோ ஒரு பொண்ணுன்னு நெனச்சுத்தான் கதவைத் தொறந்தேன். எவ்வளவு நேரம் தாங்கும், ரோடு வழியா சுத்திப் போக முடியுமான்னு கூட வந்த நர்ஸ்கிட்ட கேக்கலாம்னு. என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு என் மக படுத்திருக்கா. என்னைப் பாத்ததும் அவ மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு சார். அம்மா வந்துட்டா, இனி போட் கெளம்பிடும்னு. அதுதான்... சரி விடுங்க.

கீழ வந்தேன். ஒரே ஒரு பைப்தான் கழண்டிருக்கு. ரெண்டு ஸ்பானர் சுத்து, மாட்டிடலாம். என் கை அது பாட்டுக்கு அதை எடுத்திடுச்சு. எடுத்து வெச்சு, நட்டுல ஒரு மரை ஏத்தியும் ஆச்சு. மேல புள்ளைங்க ஏதோ பாட்டுப் பாடிக்கிட்டு குதிக்குதுங்க, இந்தக் கூரை அதிருது. அப்பத்தான் மிச்ச பைப் எல்லாத்தையும் கழட்டி சாக்குல போட்டேன். கேப்டனுக்குப் பயந்து இல்ல சார். எனக்குப் பயந்து.

ரோடு வழியாத்தான் போனாங்க. போற வழியிலயே பொறந்துடுச்சு. ஆண் குழந்தை. இவளுக்கு ரத்தம் நெறையப் போயிடுச்சு, ரெண்டு நாள் கண்ணு முழிக்கலை. நான் போனேன். ஆஸ்பத்திரி வராண்டாவுலயே மாப்பிள்ளை மறிச்சுட்டான். கத்தலை. தயவு செஞ்சு போயிடுங்கன்னான், அவ்வளவுதான். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். இப்ப பொழைச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு நர்ஸ்தான் எனக்குச் சொல்லிட்டிருந்தாங்க.

இதை உங்க ரிப்போர்ட்ல எழுத வேணாம். முதல்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேக்காதீங்க. சொல்லியிருந்தா என்ன ஆகும்? ஐயோ பாவம், பெத்தவளாச்சேன்னு உங்க கண்ணு கலங்கும். விசாரணையை ஊத்தி மூடிட்டு, என்னை மன்னிச்சு வேலைக்கு அனுப்புவீங்க. அந்த டப்பா மூடி அப்படியே எஞ்சின்லயே இருக்கும். எனக்கு மன்னிப்பு வேணாம் சார். நல்ல ரொட்டேட்டர் வேணும். அது வர்ற வரைக்கும் இந்த போட் ஓடக் கூடாது. இதை எழுதுங்க, கொட்டை எழுத்துல எழுதுங்க.

வேற ஏதாவது கேக்கணுமா? இல்லைன்னா நான் கெளம்பணும். காலைல மக போன் பண்ணினா. அன்னிக்கு நடந்ததைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. அம்மா, இவன் ராத்திரி பூரா அழறான், பால் குடிக்க மாட்டேங்கறான், என்ன பண்றதுன்னே தெரியலை, நீ வர்றியான்னா.

எங்க இருந்தா? அந்தக் கரையில, ஆஸ்பத்திரியிலதான்.

போட்டா? எந்த போட்டு சார்? அதான் நான் நிறுத்திட்டேனே. பஸ்லதான் சுத்திக்கிட்டுப் போகணும். அரை நாள் ஆகும்.