காவி மேலேதான் கட்டினேன்

குடியரசு தினத்துக்கு முதல் நாள் மாலை, மந்தாரக்குப்பம் டவுன் பஸ். என் முன் சீட்டில் இரண்டு காண்ட்ராக்ட் தொழிலாளிகள்.

"பாய், நாளைக்குக் கொடி தலைகீழா பறந்தா யாரைப் புடிப்பாங்க?"

"கட்டினவனை. ஏன் முருகா?"

"வருஷா வருஷம் சூப்பர்வைசரே மடிச்சிக் கட்டுவாரு. இன்னிக்கு என்னைக் கூப்புட்டுக் கட்டச் சொன்னாரு."

"உன் எடத்தைத் தன் மச்சானுக்குக் கேட்டுக்கினு இருந்தாரே, அவருதான?"

"அவரேதான்."

பூ வைத்து மடித்த கொடி கம்பத்தின் உச்சியில் பொட்டலமாக இருக்கும். அதிகாரி கயிற்றை இழுக்கும்வரை எந்த நிறம் மேலே என்று ஒருவருக்கும் தெரியாது. நடைமுறை அப்படி.

"காவி தியாகம், பச்சை செழிப்பு. செழிப்பு மேல வந்துச்சின்னா தியாகம் பண்றது நீதான். கேட் பாஸைப் புடுங்கிடுவாங்க."

"சிரிக்காதீங்க பாய். காவி மேலதான் கட்டினேன். போட்டோவும் எடுத்துக்கினேன்."

"கெட்டிக்காரன். கம்பத்துல ஏத்தியாச்சா?"

"காலைலதான் ஏத்துவாங்க. இப்ப ஸ்டோர்ல வச்சிப் பூட்டியிருக்கு."

"சாவி யாருகிட்ட?"

"சூப்பர்வைசர்..." என்று ஆரம்பித்த முருகன், முடிக்காமல் எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

அங்கே நிறுத்தம் கிடையாது. கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் விசில் அடித்தார்.